நான்கு ஊக்குகளும் ஒரு மெட்டல் டிடெக்டரும்

1. பிரிண்டரில் மை இல்லை

லெட்சுமிக்கு மூன்றாவது கடிதம் அடிக்க வேண்டிய காலையில் ஆபீஸ் பிரிண்டரில் மை தீர்ந்துபோயிருந்தது. பள்ளி விடுமுறைக் காலம். பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் மை வாங்கிவர மற்ற நாட்களில் முக்கால் மணி நேரம் ஆகும். அன்று போனவர் சுற்றுலா பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். அந்த மூன்று மணி நேரமும் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கிராணி ஆபத்தானவன்.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் பெக்டரி கிராணியாக, அதாவது கடிதம் அடித்துக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். அதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். பத்திரிகையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். யாராவது "எப்பவும் இப்படித்தான்" என்றால், "எத்தனை தடவை? எத்தனையில்?" என்று கேட்பது. இதனால் எனக்குப் பத்திரிகையிலும் நண்பர்கள் குறைவு, தோட்டத்திலும் குறைவு.

இப்போது பெக்டரிகளில் சேரும் பிள்ளைகள் டிப்ளோமாவோடு வருகிறார்கள். தருக்கம், நிகழ்தகவு எல்லாம் படித்திருக்கிறார்கள். எங்கள் குவாலிட்டி மேனேஜரும் படித்தவர்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லெட்சுமி பேக்கிங் அறையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். கவனக்குறைவுக்காக ஏற்கெனவே இரண்டு கடிதம் வாங்கியிருந்தார். மூன்றாவது கடிதம் வந்தால் விசாரணை. விசாரணையில் குற்றம் என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர் மகள் எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுத ஏழு வாரம் இருந்தது.

2. ஊக்கு

பேக்கிங் அறைக்குள் நுழைபவர்கள் மோதிரம், வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, வாசலில் உள்ள புத்தகத்தில் பெயரும் நேரமும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். துரையானாலும் இதுதான் விதி. தாலிக்கு மட்டும் விலக்கு. தாலியைக் கழற்று என்று பெண்களிடம் சொல்லும் தைரியம் எந்தத் துரைக்கும் வந்ததில்லை. சீருடைக்கு உள்ளே போட்டுக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நம் பெண்களின் தாலிக்கொடியில் தாலி மட்டுமா இருக்கும்? ஊக்குகளும் தொங்கும். முள் குத்தினால் எடுக்க ஒன்று, சேலைக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் கொடுக்க ஒன்று. லெட்சுமியிடம் நான்கு இருந்தன.

பேக்கிங் அறையில் இரண்டு லைன்கள், ஒவ்வொன்றும் ஒரு மூலையில். ஒவ்வொரு லைனின் முடிவிலும் ஒரு மெட்டல் டிடெக்டர். தேயிலைப் பாக்கெட் பெல்ட்டில் ஏறி அதற்குள் போகும். உள்ளே உலோகம் இருப்பதாக மெசினுக்குத் தோன்றினால் கத்தும், பாக்கெட்டைத் தள்ளிவிடும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இரண்டு மெசின்களின் நெற்றியிலும் அடுத்த ஆயுத பூஜைவரை இருக்கும்.

ஒருநாள் பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டல் சமையலறையிலிருந்து புகார் வந்தது. எங்கள் தேயிலைப் பாக்கெட்டில் ஓர் ஊக்கு கிடந்ததாம். பாக்கெட்டின் எண்ணைப் பார்த்தால் இரண்டாவது லைன். அந்த லைனின் கடைசியில் நிற்பவர் லெட்சுமி.

குவாலிட்டி மேனேஜரைத் தோட்டத்தில் சின்னத் துரை என்பார்கள். வயது இருபத்தொன்பது. கோலாலம்பூர்க்காரர். இடுப்பில் வாக்கி டாக்கி, கையில் கிளிப்போர்டு. கெட்டவர் அல்ல. வேகமானவர். புகார் வந்த அன்று மாலைக்குள் முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஊக்கு வச்சிருக்கிறது யாரு? லெட்சுமி. லைன்ல நிக்கிறது யாரு? லெட்சுமி. சிம்பிள் லாஜிக் அங்கிள்."

"பேக்கிங் ரூம்ல பதினாலு பொம்பளைங்க தாலியிலயும் ஊக்கு இருக்கு தம்பி. ஓட்டல் குசினியில சமைக்கிற அம்மா தாலியிலயும் இருக்கும்."

"அங்கிள், ப்ளீஸ் லா."

லெட்சுமியின் ஊக்கு விழுந்திருந்தால் லெட்சுமியிடம் ஊக்கு இருந்திருக்க வேண்டும். உண்மை. லெட்சுமியிடம் ஊக்கு இருந்தால் அது விழுந்திருக்க வேண்டுமா? மழை பெய்தால் ரோடு நனையும். கியா பார்ம் சந்தையில் காய்கறி கழுவுபவர் பைப்பைத் திறந்துவிட்டாலும் ரோடு நனையும். நனைந்த ரோட்டைப் பார்த்துக் குடை எடுக்கலாம், தப்பில்லை. மழைக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பக் கூடாது.

இதைச் சொன்னேன். முதல் கடிதத்தை அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

3. ஊக்குப் பதிவேடு

அடுத்த வாரம் புதிய புத்தகம் ஒன்று வாசலில் தொங்கியது. உள்ளே போகும்போது எத்தனை ஊக்கு, வெளியே வரும்போது எத்தனை ஊக்கு. பெண்கள் தினமும் சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் அக்கா எழுத வேண்டும்.

"நாலு."

"வெளிய வரப்போ?"

"நாலுதான், குட்டியா போடப் போவுது?"

ஒரு மாதம் எண்ணினார்கள். யாருக்கும் ஒன்றுகூடக் குறையவில்லை. ஊக்கு விழுந்திருந்தால் எண்ணிக்கை குறைய வேண்டும். குறையவில்லை. ஆகவே அந்த மாதம் விழவில்லை. தருக்கத்தில் இதைவிட உறுதியான படி கிடையாது. விஷயம் இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அந்த மாதத்தில் இரண்டாவது லைன் மெசின் முன்னைவிட அதிகமாகக் கத்தியது. முன்பு இரண்டு லைன்களிலும் நாளுக்குத் தலா ஐந்து தடவை கத்தும். முதல் லைன் அதே ஐந்தில் இருக்க, இரண்டாவது லைன் பத்து, பன்னிரண்டு, ஒருநாள் பதினான்கு. தள்ளப்பட்ட பாக்கெட்டுகளை உடைத்துச் சலித்துப் பார்த்தார்கள். தேயிலைதான் இருந்தது.

சின்னத் துரை இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். "ஊக்கு தேயுது அங்கிள். செயின்ல ஒரசி ஒரசி தூள் கொட்டுது. கண்ணுக்குத் தெரியாத தூள்."

ஊக்கு குறைந்தால் அது லெட்சுமியின் குற்றம். குறையாவிட்டால் தூள், அதுவும் லெட்சுமியின் குற்றம். என்ன நடந்தாலும் பொய்யாக முடியாத ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இப்படி ஒரு விளக்கம் கிடைத்தவருக்குப் பிறகு எந்தச் செய்தியும் தேவைப்படாது.

இரண்டாவது கடிதம் போனது. அதையும் நான்தான் அடித்தேன்.

4. அங்கிளின் கணக்கு

அப்போதும் ஒருமுறை முயன்றேன். டீ நேரத்தில் அவரை உட்காரவைத்துப் பழைய கவரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

"மெசின் எவ்வளவு நல்ல மெசின் தம்பி?"

"டாப் கிளாஸ். மெட்டல் இருந்தா நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பிடிக்கும். சும்மா கத்துறது ஆயிரத்துல ஒண்ணுதான்."

"ஒரு லைன்ல நாளுக்கு எத்தனை பாக்கெட்?"

"ஐயாயிரம்."

"ஐயாயிரமும் சுத்தமான பாக்கெட்டுன்னே வச்சுக்குவோம். எத்தனை தடவை கத்தும்?"

கணக்குப் போட்டார். "அஞ்சு."

"முதல் லைன் எத்தனை தடவை கத்துது?"

"அஞ்சு," என்றார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

மெசின் வந்த பிறகு தள்ளப்பட்ட பாக்கெட்டில் நிஜமாகவே உலோகம் கிடைத்தது, எனக்குத் தெரிந்து, இரண்டு தடவை. ஒரு திருகாணி, சல்லடைக் கம்பியின் ஒரு துண்டு. நாளுக்கு ஐந்து வீதம் மெசின் கத்திய ஆண்டுகளில் மொத்தம் இரண்டு. உலோகம் இருந்தால் மெசின் கத்துமா என்பது ஒரு கேள்வி. அதற்கு விடை, கிட்டத்தட்ட நிச்சயமாகக் கத்தும். மெசின் கத்தினால் உலோகம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை, கிட்டத்தட்ட நிச்சயமாக இல்லை. ஒரே மெசின்தான். அரிதான ஒன்றைத் தேடும் எந்தச் சோதனையிலும் இது நடக்கும். டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இந்தப் பத்தியைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

சின்னத் துரை கவரைத் திருப்பித் தன் கணக்கை எழுதினார். "ஒரு தடவ சும்மா கத்த ஆயிரத்துல ஒண்ணு. அடுத்தடுத்து ரெண்டு தடவன்னா ஆயிரத்த ஆயிரத்தால பெருக்கணும், பத்து லட்சத்துல ஒண்ணு. பத்து மணிலேர்ந்து பதினொண்ணுக்குள்ள ஆறு தடவ கத்துது அங்கிள்! சும்மாவா கத்தும்?"

பெருக்கலில் தவறில்லை. பெருக்கலாமா என்பதில்தான் தவறு. ஒன்று மற்றொன்றைப் பாதிக்காதபோது மட்டுமே பெருக்க முடியும். விடுமுறையில் கியா பார்ம் ரோட்டில் ஒரு கார் மாட்டிக்கொள்வது அரிது, ஆகவே ஐம்பது கார் சேர்ந்து மாட்டிக்கொள்ளச் சாத்தியமே இல்லை என்று பெருக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஐம்பத்தொன்றாவது காராக நிற்பீர்கள். எல்லாக் கார்களுக்கும் ஒரே ஜாம். ஆறு தடவை சேர்ந்து கத்துகிறது என்றால் ஆறுக்கும் பொதுவாக ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதுவரை அவர் சொன்னது சரி. அந்தக் காரணத்தின் பெயர் லெட்சுமி என்றுதான் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"அங்கிள், நான் டிகிரியில இதெல்லாம் எடுத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். டீக்கு நன்றியும் சொன்னார்.

5. இரண்டு புத்தகங்கள்

இப்போது மை இல்லாத காலைக்கு வருகிறேன்.

மேசையில் மெசின் கத்திய நேரங்களின் பதிவுப் புத்தகம் இருந்தது. மூன்றாவது கடிதத்தோடு இணைக்க அதைத்தான் கேட்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தேன். கத்தல்கள் நாள் முழுக்கப் பரவி இல்லை, கொத்துக் கொத்தாக இருந்தன. திங்கள் பத்து முதல் பதினொன்று. செவ்வாய் மூன்று முதல் நான்கரை. லெட்சுமி காலை ஏழரையிலிருந்து அங்கேயே நிற்கிறார். தூள் கொட்டுவதற்கு நேரம் காலம் பார்க்குமா?

வாசலில் தொங்கும் வருகைப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி இருபது வேலை நாட்களுக்கு ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். நான்கு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். இரண்டு கட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிடுவதால்தான் உலகத்தில் பாதித் தொல்லை.

சின்னத் துரை பேக்கிங் அறையில் இருந்தது இருபத்தைந்து மணி நேரம். அதில் இரண்டாவது லைன் கத்தியது நூற்றைம்பது தடவை. அவர் இல்லாதது நூற்று முப்பத்தைந்து மணி நேரம். அதில் கத்தியது எண்பத்தொன்று.

அவர் இருந்தால் மணிக்கு ஆறு, இல்லாவிட்டால் மணிக்கு அரைக்குச் சற்று மேல். பத்து மடங்கு.

லெட்சுமி இரண்டு நேரத்திலும் இருந்தார். நான்கு ஊக்குகளும் இருந்தன. மாறியது ஒன்றுதான். சந்தேகப்பட்டதால் அவர் வந்து நின்றார், நின்றதால் மெசின் கத்தியது, கத்தியதால் சந்தேகம் வளர்ந்தது, மறுநாள் இன்னும் அதிக நேரம் நின்றார்.

தாளோடு போய்க் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"நான் நின்னா அவங்களுக்கு நர்வஸ் ஆவுது. கை நடுங்குது. தூள் அதிகமா கொட்டுது. இது எனக்குத்தான் சப்போர்ட் அங்கிள்."

பிரிஞ்சாங்கிலிருந்து மை வந்து சேர்ந்தது.

6. விசாரணை

விசாரணை இரண்டு நாள் கழித்துப் பெரிய துரையின் அறையில் நடந்தது. பெக்டரி மேனேஜரைத்தான் பெரிய துரை என்கிறோம். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்த, யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத மனிதர். நான் குறிப்பெடுப்பவன். குறிப்பெடுப்பவன் வாய் திறக்கக் கூடாது. அதனால் இரண்டு புத்தகங்களையும் நான்கு கட்டத் தாளையும் அவர் முன்னால் திறந்தபடி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் தாளைத் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார், ஓரமாக வைத்தார்.

சின்னத் துரை இருபது நிமிடம் பேசினார். பத்து லட்சத்தில் ஒன்று வந்தது. தூள் வந்தது.

"நீ என்னா சொல்ற லெட்சுமி?" என்றார் பெரிய துரை.

"ஒண்ணு கேக்கலாமா துரை? இது நல்ல மெசினா, கெட்ட மெசினா?"

"டாப் கிளாஸ் மெசின்," என்றார் சின்னத் துரை.

"ஓட்டலுக்குப் போன பாக்கெட்டும் இந்த மெசினுக்குள்ளதான போச்சு?"

"ஆமா."

"கண்ணுக்குத் தெரியாத தூளுக்கே கத்துற மெசினு, முழு ஊக்குக்குக் கத்தியிருக்கணும்ல? அன்னிக்கு அந்தப் பாக்கெட்ட அது தள்ளலையே. மெசினு நல்லதுன்னா ஊக்கு இங்கேர்ந்து போகல. ஊக்கு இங்கேர்ந்துதான் போச்சுன்னா மெசினு சரியில்ல. சரியில்லாத மெசினு கத்துனதுக்கு எனக்கு எதுக்கு மூணு லெட்டரு? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. ரெண்டையும் நீங்களே வச்சிக்கிட்டா நான் எங்க போறது?"

நான் அதுவரை நான்கு கட்டங்களால் முயன்றதை லெட்சுமி மெசினை இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்திச் செய்துவிட்டார்.

"சில நேரம் மெசின் மிஸ் பண்ணும்," என்றார் சின்னத் துரை.

"சில நேரம் மிஸ் பண்ணும், ஆனா சும்மா மட்டும் கத்தாது. அப்படியா லா?" என்றார் லெட்சுமி.

பெரிய துரை இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். குறிப்பில் எழுதவில்லை.

"ஆனா லெட்சுமி, தம்பி நின்னா உனக்குப் பதட்டம் வருதாமே?"

"எனக்கா? சரி துரை, நான் வெளிய நிக்கிறேன். ஊக்கையும் எடுத்துக்கிட்டு வெளிய நிக்கிறேன். அவர உள்ள போவச் சொல்லுங்க."

எல்லோரும் பேக்கிங் அறைக்குப் போனோம். லெட்சுமி வாசலுக்கு வெளியே தூறலில் மழைக்கோட்டோடு நின்றார். சின்னத் துரை வழக்கமான இடத்தில், மெசினுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். ஒரு நல்ல பாக்கெட்டை எடுத்துப் பெல்ட்டில் வைத்தோம். அந்த நேரம் டிரையர் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட, அவர் வாக்கி டாக்கியை எடுத்து, "ஆமா, சொல்லுங்க," என்றார்.

மெசின் கத்தியது.

நான் உற்சாகத்தில் பேனாவை எடுத்தேன். வாசலிலிருந்து லெட்சுமி கத்தினார். "ஐயா, ஒரு தடவதான கத்துச்சு! ஒரு தடவைக்கு எனக்கு லெட்டர் குடுத்தாங்கன்னுதான இந்தப் பஞ்சாயத்தே? பத்து தடவ பாருங்க!"

வெட்கத்தோடு பேனாவை மூடினேன். பத்து தடவை பார்த்தோம். வாக்கி டாக்கியில் பேசியபடி நின்றபோது பத்தில் ஏழு. அதை வெளியே வைத்துவிட்டு அவர் அதே இடத்தில் நின்றபோது பத்தில் ஒன்றுமில்லை. மறுபடி எடுத்துப் பேசியபோது பத்தில் எட்டு. ஒரே பாக்கெட், ஒரே பெல்ட். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றினோம்.

மெசினோடு வந்த கையேட்டில் இது இருந்தது. வாக்கி டாக்கியைப் பக்கத்தில் கொண்டுவராதே என்று படம் போட்டே எச்சரித்திருந்தார்கள். கையேடு என் அலமாரியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. சின்னத் துரையின் வேகத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நான் இதையும் எழுத வேண்டும்.

சின்னத் துரை வாக்கி டாக்கியை அணைத்தார். பிறகு வாசலுக்குப் போய், "சாரி அக்கா," என்றார். அதுவரை அவர் லெட்சுமியை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"சாரிய எழுதிக் குடுங்க துரை," என்றார் லெட்சுமி.

7. நான்காவது கடிதம்

கடிதத்தைப் பெரிய துரை சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'குற்றத்தை நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லாததால், முந்தைய மூன்று கடிதங்களும் மீட்டுக்கொள்ளப்படுகின்றன.' சரியான வாக்கியம். லெட்சுமி எதிரே நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்.

"நான் செஞ்சனா செய்யலையான்னு இதுல எங்க இருக்கு?"

நான் விளக்கினேன். மெசின் ஏன் கத்தியது என்று இப்போது தெரியும். ஓட்டல் பாக்கெட்டில் ஊக்கு எப்படி வந்தது என்று தெரியாது. இன்றுவரை தெரியாது. நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, செய்யவில்லை என்பது வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ முடியாது. தருக்கப்படி இவ்வளவுதான் எழுதலாம்.

லெட்சுமி பொறுமையாகக் கேட்டார்.

"மொத லெட்டர்ல என்னா ஐயா எழுதியிருந்தீங்க?"

எனக்கு மனப்பாடம். 'உங்கள் கவனக்குறைவால் ஊக்கு பாக்கெட்டில் விழுந்தது.'

"விழுந்திருக்கலாம்னு எழுதலையே? விழுந்ததுன்னுதான எழுதினீங்க? அன்னிக்குத் தெரிஞ்சுதா? நீங்கதான அடிச்சீங்க. என் புள்ள அதப் படிச்சிட்டு, ஏம்மா இப்படிப் பண்ணன்னு என்னையக் கேட்டுச்சு. இப்ப இந்த லெட்டரக் காட்டுனா, ஆதாரம் கெடைக்கலையாம், தப்பிச்சிட்டேன்னு நெனைக்கும்."

பெரிய துரை ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் பழைய வாக்கியத்தை அழித்தேன். புதிய வாக்கியம் இது: 'லெட்சுமி எந்தத் தவறும் செய்யவில்லை. கடிதங்கள் கொடுத்தது நிர்வாகத்தின் தவறு.'

முதல் வாக்கியத்தை என்னால் இன்றும் நிரூபிக்க முடியாது. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று முதலில் எழுதியது நாங்கள். தெரியாது என்று நேர்மையாக எழுதும் உரிமை, அவர் மேல் பழி எழுதாத கைக்குத்தான் உண்டு. என் கைக்கு அது இல்லை. கடிதம் அடிக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகள் இந்த ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஆல்' உருபு போட்டுக் காரணமாக்குவதற்கு முன் நான்கு கட்டத்தையும் நிரப்புங்கள். பிறகு நிரப்பினால் அது கணக்கு, பரிகாரம் ஆகாது.

பெரிய துரை கையெழுத்துப் போட்டார். லெட்சுமி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இன்னொரு காப்பி அடிங்க ஐயா," என்றார். "புள்ள ஸ்கூல் பேக்ல ஒண்ணு இருக்கட்டும்."